பினாங்குப் பாலத்தில் வரும் பயம்: இது விசுவாசக் குறைவா?

செபராங்_ஜெயா_மகள்
திங்கள், இரவு 10.40

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இவ்வளவு நாளும் இங்கே வாசிப்பதோடு சரி. இன்று கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

வீடு செபராங் ஜெயாவில், வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். பல ஆண்டுகளாகப் பினாங்குப் பாலத்தில் நானே கார் ஓட்டிப் போய் வந்தவள்தான். சில மாதங்களாக, பாலம் நடுவில் மேடேறும் இடத்தில், கம்பிவடங்கள் கண்ணில் பட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது என் கைதானா என்றுகூடச் சந்தேகம் வருகிறது. கார் தடுப்பை உடைத்துக்கொண்டு கடலில் இறங்குவதுபோல ஒரு காட்சி கண்முன் ஓடுகிறது. 2019-இல் ஒரு கார் அப்படி விழுந்த செய்தியை மனம் இப்போது தோண்டி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போதைக்குக் கணவர் ஓட்டுகிறார், நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் அவருக்கு ஷிப்டு மாறுகிறது.

சபையில் ஜெபக் குறிப்பாகச் சொன்னேன். ஒரு மூத்த சகோதரி எல்லார் முன்னாலும், "இது பயத்தின் ஆவி. விசுவாசம் இருக்கிற இடத்தில் பயம் இருக்காது" என்று சொல்லித் தலையில் கைவைத்து ஜெபித்தார். அன்றிலிருந்து பாலத்தைவிட ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு அதிகப் பயம். "போய்விட்டதா?" என்று கேட்பார்களே, என்ன சொல்வது? மெய்யாகவே எனக்கு விசுவாசம் இல்லையா?

லோரிக்காரன்_பிறை
திங்கள், இரவு 11.05

தங்கச்சி, அந்தப் பாலத்தில் தினமும் லோரி ஓட்டுகிறவன் நான். வேதம் அதிகம் தெரியாது, கணக்குத் தெரியும். பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். அதில் கடலுக்கு மேல் இருப்பது 8.4 கிலோமீட்டர்தான். 80-இல் போனால் ஆறரை நிமிடத்தில் கடல் முடிந்துவிடும். ஞாயிறு விடியற்காலை, ஆராதனைக்கு முன்னால், சாலை காலியாக இருக்கும்போது கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவனைக் கண்டுகொள்ள வேண்டாம். அவன் என் லோரியைப் பார்த்தும் அடிக்கிறான்.

செந்தூல்_மூத்தவர்
செவ்வாய், காலை 6.20

மகளே, உன்னை யாரும் குற்றப்படுத்தவில்லை. ஆனால் வசனத்தை நீர்த்துப்போகச் செய்யவும் கூடாது. "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்று தன் சீடன் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுகிறார். "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று யோவான் எழுதுகிறார். தேவன் கொடுக்காத ஒன்று உன்னிடம் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று யோசி. மூன்று நாள் உபவாசம் இரு. காரில் ஏறும்போது, தேவனுடைய பாதுகாப்பைப் பாடும் 91-ஆம் சங்கீதத்தை வாய்விட்டுச் சொல்.

இதற்குள் யாராவது வந்து டாக்டரைப் பார் என்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பல ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு ஒரு தனியார் கிளினிக்கில் 'மனம் அடங்க' என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு அந்த மாத்திரை இல்லாமல் அவளால் தூங்க முடியவில்லை. அதை விடுவதற்கு அவள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதிலிருந்து அவளைத் தூக்கி எடுத்தது ஜெபம்.

ஆயர்_ஈத்தாம்_வேதபாடம்
செவ்வாய், மதியம் 1.15

செந்தூல் ஐயா, வயதில் பெரியவர் நீங்கள். மரியாதையோடுதான் மறுக்கிறேன். அந்த இரண்டு வசனங்களுக்கும் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது?

யோவான் எழுதியதற்கு முந்தைய வசனத்தில் நியாயத்தீர்ப்பு நாள் வருகிறது. அந்த நாளில் தேவன் என்னைத் தண்டிப்பாரோ என்ற பயத்தைத்தான் அன்பு வெளியே தள்ளும் என்கிறார். கடலுக்கு மேல் கார் ஓட்டும்போது கை நடுங்குவதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனத்துக்கு அடுத்ததைப் பாருங்கள்: சிறையில் கட்டுண்டிருக்கும் என்னைக் குறித்து வெட்கப்படாதே என்கிறார் பவுல். சாட்சி சொல்லப் பின்வாங்காதே என்பதுதான் அங்கே பொருள். அதே தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனபோது, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். 'பலவீனத்தின் ஆவியே, போ' என்று எழுதவில்லை.

பவுலின் நிலைமை என்ன? மக்கெதோனியாவில் இருந்தபோது "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும்" இருந்ததாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில் அவரே சொல்கிறார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்த மேடையிலாவது யாராவது பிரசங்கித்ததுண்டா? அடுத்த வரி இன்னும் முக்கியம். தீத்து வந்து சேர்ந்ததினாலே தேவன் எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்கிறார். வானத்திலிருந்து சத்தம் கேட்கவில்லை. ஒரு நண்பன் ஊரிலிருந்து வந்து சேர்ந்தான், ஆறுதல் அவனோடு வந்தது. பக்கத்து இருக்கையில் கணவரை உட்கார வையுங்கள் என்று லோரிக்கார அண்ணன் சொன்னாரே, அதற்கு வேத ஆதாரம் தேடுகிறவர்களுக்கு இதோ இருக்கிறது.

எலியா தீர்க்கதரிசியையும் மறக்க வேண்டாம். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி. உடனே ராணி யேசபேலிடமிருந்து ஒரு மிரட்டல் வருகிறது, உயிருக்குப் பயந்து ஓடிப்போய்ச் சூரைச்செடியின் கீழ் படுத்துச் 'சாக வேண்டும்' என்கிறார். தூதன் வந்து ஒரு வார்த்தை கண்டித்தானா? தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சாப்பிட வைத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற தேவனுடைய கேள்வி அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பின்னர்தான் வருகிறது. நம் சபைகளில் கேள்வி முதலில் வருகிறது. அடை வருவதே இல்லை.

ஆண்டவர் பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். ஆண்டவர் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு 14-இல் இருக்கிறது. அந்த மூத்த சகோதரி அந்தத் தோட்டத்தில் இருந்திருந்தால் யார் தலையில் கைவைத்திருப்பார்?

செந்தூல்_மூத்தவர்
செவ்வாய், மதியம் 2.02

கடைசி வரி தேவையில்லாதது, தம்பி.

அன்னாள்_பேத்தி
செவ்வாய், மாலை 5.30

நான் கத்தோலிக்கர், புக்கிட் மெர்தாஜாம். இங்கே பெரும்பாலும் பெந்தெகொஸ்தே, மெத்தடிஸ்ட் சகோதரர்கள் பேசுவதால் நான் அதிகம் வாய் திறப்பதில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜூலையிலும் புனித அன்னாள் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ கூட்டம் வருகிறது. மெழுகுத்திரியோடு பவனியில் நடப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். பிள்ளைக்கு ஆபரேஷன், வேலை போய்விட்டது, ஸ்கேனில் என்னமோ தெரிகிறது. பயம் இல்லாதவர் அங்கே யார்? பயம் தீர்ந்த பிறகு வா என்று சொன்னால் அந்தக் குன்றடியில் ஓர் ஆளும் இருக்கமாட்டார்.

செபராங் ஜெயாத் தங்கச்சி, என் பாட்டி ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டே பஸ் ஏறுவார். பஸ் என்றால் அவருக்குப் பயம். கடைசிவரை பயம் போகவில்லை, கடைசிவரை பஸ்ஸிலும் போனார்.

பிரிக்பீல்ட்ஸ்_மருந்தாளர்
செவ்வாய், இரவு 9.48

தொழில் மருந்தகம், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு. இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

சகோதரி சொல்வது பீதித் தாக்குதல் போலத்தான் இருக்கிறது. ஆனால் இணையத்தில் யாரும் உறுதிப்படுத்த முடியாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடக்கும், இதயத் துடிப்புக் கோளாறிலும் படபடக்கும். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும்.

அவை சரியாக இருந்தால், நடப்பது இதுதான். உடல் ஆபத்து என்று நினைத்து அட்ரினலினை இறைக்கிறது. மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரல் மரத்துப்போகிறது, தலை லேசாகிறது, கை தன்னுடையதல்ல என்று தோன்றுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கும். மயங்கி விழுந்துவிடுவோமோ என்று எல்லாரும் பயப்படுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் இரத்த அழுத்தம் ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை, ஆகவே மயக்கம் அரிது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். கண்ணை மட்டும் மூடாதீர்கள், ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும்போது!

பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொள்வதையும் சொல்ல வேண்டும். வாசலில் கட்டிய நாய் தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிறது. அவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். நான் குரைத்ததால்தான் ஓடினான் என்று நாய் நினைத்துக்கொள்கிறது, மறுநாள் இன்னும் பலமாகக் குரைக்கிறது. கண்ணை மூடியதால்தான் தப்பித்தேன் என்று உங்கள் மூளையும் பாடம் படித்துக்கொள்கிறது. கண்ணைத் திறந்து, பயம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்குவதை இருந்து பார்த்தால்தான் அந்தப் பாடம் மாறும். முதலில் பயணியாகக் கண் திறந்து. பிறகு காலிச் சாலையில் ஓட்டுநராக. பிறகு வேலை நேரத்தில். இதை முறையாகச் சொல்லித்தரும் உளவியலாளர்கள் இருக்கிறார்கள். பலருக்கு மாத்திரையே தேவைப்படாது.

செந்தூல் ஐயா, உங்கள் வீட்டில் நடந்தது எனக்குப் புரிகிறது. டயாசிபாம், அல்பிரசோலாம் வகை மாத்திரைகளாக இருந்திருக்கலாம். அவற்றில் பழக்கமாகும் அபாயம் உண்மையிலேயே உண்டு. நீங்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்று பயக் கோளாறுக்கு முதலில் எழுதித்தருவது பெரும்பாலும் செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை. சில வாரங்கள் கழித்துத்தான் வேலை செய்யும், அந்த வகைப் பழக்கம் வராது. டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே பெயரால் 'மாத்திரை' என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

பெயர்_வேண்டாம்
புதன், நள்ளிரவு 12.30

91-ஆம் சங்கீதம் என்றதும் தூக்கம் போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

நானும் வண்டி எடுக்குமுன் அதைச் சொல்லத் தொடங்கியவன்தான். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் நடுவில் ஒரு வரி தடுமாறியது. பாதுகாப்பு விட்டுப்போய்விடுமோ என்று முதலிலிருந்து சொன்னேன். அடுத்த வாரம் மனம் ஒருமைப்படாமல் சொல்லிவிட்டதாகத் தோன்றியது, மறுபடியும் முதலிலிருந்து. ஒரு கட்டத்தில் வீட்டு வாசலிலேயே காரை நிறுத்திவைத்து ஒரு மணி நேரம் சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்து, இவர் எவ்வளவு பக்தி என்று நினைத்திருக்கிறாள். அது பக்தி அல்ல. ஒரு வார்த்தை பிசகினால் மகனுக்கு விபத்து என்று உள்ளே ஒரு குரல் மிரட்டிக்கொண்டிருந்தது. அது எண்ணச் சுழற்சி நோய் (OCD) என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார், சிகிச்சையும் எடுத்தேன்.

சிகிச்சையின்போது என் போதகர் ஒன்று சொன்னார். ஆண்டவரைச் சோதித்தபோது பிசாசு எந்த வசனத்தைச் சொன்னான்? தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்துவார்கள், குதியும் என்று 91-ஆம் சங்கீதத்தைத்தான் சொன்னான். ஆண்டவர் அந்தச் சங்கீதத்தைப் பொய் என்று சொல்லவில்லை. அதைத் தாயத்தாக்க மறுத்தார். இப்போது நான் அதைப் பாட்டாகப் பாடுகிறேன், காரில் அல்ல, வீட்டில்.

செந்தூல்_மூத்தவர்
புதன், காலை 6.45

இதைப் படித்துவிட்டுக் காலை ஜெபத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். சங்கீதத்தை மந்திரமாக்கச் சொன்னவன் அல்ல நான், தம்பி. ஆனால் வாய்விட்டுச் சொல் என்று பலருக்கும் சொல்லியிருக்கிறேன், அவர்கள் காரில் என்ன நடந்தது என்று கேட்டதில்லை.

உபவாசத்தைப் பற்றிச் சொன்னதிலிருந்து நான் பின்வாங்கவில்லை.

ஆயர்_ஈத்தாம்_வேதபாடம்
புதன், காலை 8.10

உபவாசம் நல்லதுதான் ஐயா. வெறும் வயிற்றோடு பாலத்தில் ஓட்டச் சொல்ல வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

91-க்குப் பதில் 56-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள் சகோதரி. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்தபோது பாடியது என்று தலைப்பு சொல்கிறது. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம். 'பயம் போய்விட்டதா' என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டால், 'இல்லை, ஓட்டினேன்' என்று சொல்லலாம்.

இன்னொரு செய்தி. 1856 அக்டோபரில் லண்டனில் சரே கார்டன்ஸ் மண்டபத்தில் புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன் பிரசங்கிக்கும்போது யாரோ 'தீ' என்று கத்தினார்கள். தீயே இல்லை. நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது வயது 22. அந்த இரவின் நடுக்கம் பல ஆண்டுகள் அவரைத் தொடர்ந்தது, மனச்சோர்வு வாழ்நாளெல்லாம் வந்து வந்து போனது. அதோடுதான் அவர் அத்தனை ஆண்டுகள் பிரசங்கித்தார்.

கெப்போங்_கிறிஸ்டி
புதன், காலை 9.00

பாலம்தான் பிரச்சினை என்றால் இரண்டாவது பாலத்தில் போகலாமே? பாயான் லெப்பாஸுக்குப் பக்கம்தானே இறங்குகிறது?

லோரிக்காரன்_பிறை
புதன், காலை 9.12

2014-இல் திறந்தது, மொத்தம் 24 கிலோமீட்டர், அதில் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் கடல்மேல். தங்கச்சிக்கு ஆறரை நிமிடமே தாங்கவில்லை, நீங்கள் இரட்டிப்பாக்குகிறீர்கள். 2021-இலிருந்து படகிலும் காரை ஏற்றுவதில்லை. பழைய பாலம்தான்.

செபராங்_ஜெயா_மகள்
புதன், இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி. மருந்தாளர் அண்ணன் எழுதியதை அப்படியே கணவரிடம் வாசித்துக் காட்டினேன். இன்று மாலை திரும்பும்போது கண்ணைத் திறந்தே வந்தேன். நடு மேட்டில் கால் இரண்டும் உதறின. பிறை டோல் பக்கம் வந்தபோது உதறல் நின்றிருந்தது.

ஆனால் டாக்டரிடம் போவதென்றால் மாமியாருக்குத் தெரியாமல் போக முடியாது. தெரிந்தால் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற பேச்சு வந்துவிடும். எங்கள் வீட்டில் யாரையாவது கேலி செய்ய வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பெயர்தான்.

பிரிக்பீல்ட்ஸ்_மருந்தாளர்
புதன், இரவு 10.50

மலேசியத் தமிழர் அத்தனை பேர் வீட்டிலும் அந்தக் கேலி உண்டு. அந்த ஊர்ப் பெயரால் நாம் சொல்லும் மனநல மருத்துவமனை, உலு கிந்தாவிலுள்ள பஹாகியா மருத்துவமனை, 1911-இல் தொடங்கியது. நூறாண்டுக்கு மேலாக எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிய இடத்தை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். உங்கள் நிலைமைக்கு அங்கே போக வேண்டிய தேவையே இல்லை. வீட்டுக்குப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிப் 'படபடப்பு' என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே? மனநிலைக்கான கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தருவார்கள், தேவையென்றால் மேலே அனுப்புவார்கள். பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555. நள்ளிரவில் உயிரை வெறுக்கும் அளவுக்குப் போகிறவர் யாராவது இதைப் படித்தால், கோலாலம்பூர் பிபிரெண்டர்ஸ் உதவித் தொலைபேசி 03-7627 2929, இருபத்துநான்கு மணி நேரமும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப்பிரிவும் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வருமோ என்று தயங்க வேண்டாம்.

அன்னாள்_பேத்தி
வியாழன், காலை 7.05

மாமியாரிடம் 'இரத்தப் பரிசோதனை' என்று மட்டும் சொல்லுங்கள். பொய்யல்ல. கூடவே அவரையும் அழைத்துப்போய் அவருக்கும் சர்க்கரை பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு எந்தக் கேள்வியும் வராது.

கெப்போங்_கிறிஸ்டி
வியாழன், மதியம் 12.20

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம். என் அம்மா 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வீட்டுக்குள் போனவர், இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. சந்தைக்குப் போவதில்லை, லிப்டில் ஏறுவதில்லை. ஆராதனையைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார். 'கர்த்தர் வீட்டிலும் இருக்கிறார்' என்கிறார், மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. இதுவும் அதே பயம்தானா?

பெயர்_வேண்டாம்
வியாழன், மதியம் 1.40

அந்த வாக்கியம் எனக்கு நன்றாகத் தெரியும், சகோதரி. கர்த்தர் வீட்டில் இருப்பது உண்மைதான். லிப்டில் அவர் இல்லை என்று அம்மாவிடம் சொல்வது யார் என்று கேட்டுப் பாருங்கள், சண்டைக்காக அல்ல. டாக்டர் பார்க்கட்டும். அதுவரை ஆராதனைக்கு இழுக்காதீர்கள், முதலில் வாசல்வரை.

செந்தூல்_மூத்தவர்
வியாழன், மாலை 4.30

கெப்போங் எந்தப் பகுதி, மகளே? நானும் மனைவியும் செந்தூலிலிருந்து வர அரைமணி நேரம்கூட ஆகாது. தீத்துவைப் பற்றித் தம்பி எழுதியதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஜெபக்கூட்டம் என்று கூட்டத்தைக் கூட்ட மாட்டோம். இரண்டு பேர் மட்டும், சனிக்கிழமை, அம்மாவுக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்று சொன்னால் அவள் செய்துகொண்டு வருவாள். மாத்திரையைப் பற்றி அங்கே நான் வாய் திறக்கமாட்டேன்.

கெப்போங்_கிறிஸ்டி
வியாழன், மாலை 4.52

கேசரி, ஐயா. முந்திரி போடாமல். தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன்.